நாகர்கோவில்: கேட்டு வாங்கின தூரம்

திருச்சில பேங்க்ல வேலை பாக்குற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. நாகர்கோவிலுக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு, ரெண்டு பிள்ளைங்க, கூட வயசான அம்மா, ஆபீஸ்ல எல்லாரும் "அது தமிழ்நாட்டோட கடைசி, அத்துவான ஊரு, அவசரத்துக்கு எங்கயும் ஓட முடியாது"ன்னு பயமுறுத்துறாங்க, உண்மையிலேயே அங்க இருக்கிறது எப்படி இருக்கும்னு. ரெண்டு வரில முடியுற விஷயம் இல்ல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

நான் தக்கலைல பிறந்தவன், நாகர்கோவில்ல 31 வருஷமா மருந்து மொத்த வியாபாரம். இந்த ஊருக்கு எந்த சரக்கு எங்கிருந்து வருது, எத்தனை நாள்ல வருது, எப்போ நின்னுபோகும்னு பாத்துப் பாத்தே வயசாகிடுச்சு. அதனால தூரத்தைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முதல்ல ஒண்ணு. எங்க ஊர்ல சென்னை எவ்வளவு தூரம்னு யார்கிட்டயாவது கேட்டுப்பாருங்க, 700 கிலோமீட்டர்னு சொல்லமாட்டாங்க, "ஒரு ராத்திரி"ன்னுதான் சொல்லுவாங்க. மதுரைன்னா அஞ்சு மணி நேரம், திருநெல்வேலி ஒண்ணரை மணி நேரம், சென்னைக்கு மட்டும் மணிக்கணக்கு கிடையாது, ராத்திரிக் கணக்குதான். சாயங்காலம் ஏறினா காலைல அங்க, ஒரு கையெழுத்து வாங்கணும்னாலும் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, நடுவுல ஒரு பகல். எங்க அப்பா சர்வீஸ் ரெஜிஸ்டர்ல ஒரு எழுத்துப்பிழை திருத்த மூணு தடவை போயிட்டு வந்தார். ஆறு ராத்திரி. பக்கத்துல எதுவுமே இல்லையான்னா, இருக்கு, 70 கிலோமீட்டர்ல திருவனந்தபுரம் இருக்கு, பெரிய ஊரு, ஏர்போர்ட் இருக்கு, பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா அது வேற மாநிலம். எங்க பேப்பரெல்லாம் வடக்க சென்னைக்குப் போவும், எங்க நோயாளிங்க மேற்க திருவனந்தபுரத்துக்குப் போவாங்க. எங்க வாழ்க்கைல இருக்கிற பாதி விஷயம் இந்த ஒண்ணுலயே அடங்கிடும்.

இன்னொண்ணு, தனிமையான இடம், ஆள் நடமாட்டமே இருக்காதுன்னு நினைச்சு வந்தீங்கன்னா நேர் எதிரா இருக்கும். 2011 கணக்குப்படி எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல 1,672 சதுர கிலோமீட்டர்ல 18 லட்சத்து 70 ஆயிரம் பேர் இருக்கோம், மாவட்டங்கள்ல சென்னைக்கு அடுத்த நெருக்கம் இங்கதான். வடசேரில பஸ் ஏறி கேரள எல்லைல இருக்கிற களியக்காவிளை போய்ப்பாருங்க, பார்வதிபுரம், தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறைன்னு ஒரு ஊரு எங்க முடிஞ்சு அடுத்த ஊரு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, ரோட்டோரம் வீடு, கடை, சர்ச், கோயில், பள்ளிவாசல், மறுபடி வீடு. திருச்சில இருந்து புதுக்கோட்டை போற வழியில வர்ற பொட்டல்வெளிய இங்க தேடினாலும் கிடைக்காது. திருவனந்தபுரம் போற அந்த 70 கிலோமீட்டருக்கு ரெண்டரை மணி நேரம் ஆகுறதும் அதனாலதான். ஆளுங்களுக்குக் குறைவே இல்ல, எங்களுக்குத் தூரம் மாநிலத்தோட மத்த பகுதிகிட்ட இருந்துதான்.

ஏன் இப்படி ஆச்சுன்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும். இந்த மாவட்டம் எப்பவுமே ஓரமா இருந்த ஊரு இல்ல. தக்கலைப் பக்கத்துல இருக்கிற பத்மநாபபுரம்தான் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குத் தலைநகரம், 1795ல தான் அது திருவனந்தபுரத்துக்குப் போச்சு. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா டச்சுக்காரங்கள 1741ல குளச்சல்ல தோக்கடிச்சு, பிடிபட்ட டச்சு அதிகாரி டி லன்னாய வச்சே புலியூர்க்குறிச்சில உதயகிரிக் கோட்டையில படையத் திருத்தினதெல்லாம் நான் ஸ்கூலுக்கு சைக்கிள்ல போன வழியிலதான். நாஞ்சில் நாட்டு வயல்தான் திருவிதாங்கூருக்கு நெற்களஞ்சியம். அப்போ எங்களுக்கு எல்லை கிழக்க, ஆரல்வாய்மொழி கணவாய்ல இருந்துச்சு, அந்தப் பக்கம் பாண்டி நாடு. எங்க பாட்டி கடைசிவரைக்கும் திருநெல்வேலிக்காரங்கள "பாண்டிக்காரங்க"ன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க.

அப்புறம் 1956 நவம்பர் 1, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோட சேந்துச்சு. சும்மா சேரல தங்கச்சி. மார்ஷல் நேசமணி தலைமைல திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வருஷக்கணக்குல போராடிச்சு, 1954 ஆகஸ்ட் 11 மார்த்தாண்டத்துலயும் புதுக்கடைலயும் போலீஸ் சுட்டு உயிர் போச்சு. எங்க தாத்தா அன்னைக்கு மார்த்தாண்டம் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோயிருந்தவரு, குலைய அங்கயே போட்டுட்டு வயக்காட்டு வழியா ஓடி ராத்திரிதான் வீடு சேந்தாராம், அத அவர் எப்போ சொன்னாலும் குரல் இறங்கிடும். பிள்ளைங்க தமிழ்ல படிக்கணும், ஆபீஸ்ல தமிழ்ல மனு குடுக்கணும், அதுதான் கேட்டது. கிடைச்சுது. கூடவே, ரெண்டு மணி நேரத்துல இருந்த தலைநகரம் ஒரு ராத்திரி தூரத்துக்குப் போச்சு. இது எங்க மேல யாரும் சுமத்தின தூரம் இல்ல, நாங்க கேட்டு வாங்கினது. அதனால இந்த ஊரு ஓரத்துல கிடக்குன்னு யாராவது இளக்காரமா சொன்னா எனக்கு மனசு பொறுக்காது.

அந்தக் கோடு கிழிச்சதோட அடையாளம் இன்னைக்கும் அங்கங்க இருக்கு. பத்மநாபபுரம் அரண்மனை நிக்கிறது தமிழ்நாட்டு மண்ணுல, பராமரிக்கிறது கேரளத் தொல்லியல் துறை. வருஷா வருஷம் நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதியும், வேளிமலைல இருந்து முருகனும், சுசீந்திரத்துல இருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் போவாங்க, களியக்காவிளைல இந்தப் பக்கத்துப் போலீஸ் மரியாதை பண்ணி அனுப்ப, அந்தப் பக்கத்துப் போலீஸ் மரியாதை பண்ணி வரவேற்கும். சின்ன வயசுல தக்கலைல ரோட்டோரம் நின்னு அந்த ஊர்வலத்தைப் பாத்திருக்கேன், இப்பவும் வருஷம் தவறாம போறேன்.

நிலம் வாங்குற எண்ணம் இருந்தா இன்னொண்ணு சொல்லணும். நீங்க கிரயப் பத்திரம்னு சொல்றத நாங்க பிரமாணம்னு சொல்லுவோம், பேச்சுல பெரமாணம். கல்குளம், விளவங்கோடு பக்கம் மூலப் பிரமாணம் தேடினா 1956க்கு முன்னாடி உள்ளது பெரும்பாலும் மலையாளத்துல, கொல்லம் ஆண்டு போட்டு இருக்கும். எங்க வீட்டு மனைக்கு இருக்கிறது கொல்லம் 1098, அதாவது 1923. பழுப்பேறின தாளு, மடிச்ச இடத்துல நூல் மாதிரி கிழிஞ்சிருக்கும், மை இன்னும் கறுப்பாவே இருக்கு. எனக்கு அதுல ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. எங்க சொந்த வீட்டோட கணக்கு. பேங்க் லோனுக்குக் கேட்டப்போ தக்கலைல ஒரு பெரியவர்கிட்ட கொண்டுபோனேன், பழைய மலையாளம் தெரிஞ்சவரு, கண்ணாடிய நெத்தில ஏத்திவச்சுக்கிட்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்துல பிடிச்சு, "கிழக்கே பிலாவு, மேற்கே தோடு"ன்னு, அதாவது கிழக்க பலா, மேற்க ஓடைன்னு, ஒவ்வொரு எல்லையா வாசிச்சார். அந்த பலாமரம் எனக்குத் தெரியும், நான் அதுல ஏறி விழுந்திருக்கேன். அந்த மாதிரி வாசிக்கத் தெரிஞ்சவங்க இப்போ ரொம்பக் குறைஞ்சிட்டாங்க. நீங்க பேங்க்ல லோன் செக்‌ஷன்ல உக்காந்தா இந்தத் தாளெல்லாம் உங்க மேசைக்கு வரும், அப்போ கொண்டுவர்றவங்ககிட்ட கொஞ்சம் பொறுமையா இருங்க.

போக்குவரத்துக்கு வர்றேன். இந்த மாவட்டத்துக்கு ரயிலே 1979ல தான் வந்துச்சு, அதுவும் திருவனந்தபுரத்துல இருந்து. அப்போ எனக்கு 11 வயசு, அப்பா என்னை இரணியல் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனார், ரயில்ல ஏறுறதுக்கு இல்ல, பாக்குறதுக்கு. முறுக்கு, கடலை விக்கிறவங்க எல்லாம் வந்து திருவிழா மாதிரி கூட்டம். திருநெல்வேலியோட இணைச்சது 1981ல. அதுவரைக்கும் சென்னை போகணும்னா திருநெல்வேலி போய்த்தான் ரயில் பிடிக்கணும். இப்போ கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், அனந்தபுரி எல்லாம் இருக்கு, 2024 ஆகஸ்ட்ல இருந்து வந்தே பாரத்தும் ஓடுது, காலைல எழும்பூர்ல ஏறினா ஒன்பது மணி நேரத்துக்குள்ள நாகர்கோவில். ராத்திரிக் கணக்கு முதல் தடவையா பகல் கணக்கானது அதுலதான். ஆனாலும் பொங்கல், தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கிறது பெரும்பாடு, 60 நாள் முன்னாடி காலைல 8 மணிக்குக் கைல போனோட உக்காந்தாதான் உண்டு, 8.05க்கு வெயிட்டிங் லிஸ்ட் வந்துடும், விட்டா தட்கல், அதுவும் விட்டா ஆம்னி பஸ், அந்த ரேட்டை நான் இங்க எழுதல. எங்க ரயில்பாதை இன்னைக்கும் திருவனந்தபுரம் கோட்டத்துல இருக்கு, மதுரையோட சேக்கணும்னு ரொம்ப வருஷமா கேட்டுட்டு இருக்காங்க. நல்ல வேளையா கோர்ட்டு கேஸுக்கு இப்போ சென்னை வேண்டாம், 2004ல ஹைகோர்ட்டோட மதுரை கிளை வந்ததுல இருந்து அந்த ராத்திரி மிச்சம்.

இனி என் தொழில். சென்னைல ஒரு மருந்துக் கடைக்காரர் ரெண்டு நாள் சரக்கு வச்சிருந்தா போதும், போன் பண்ணினா சாயங்காலம் வந்து இறங்கும். நாங்க ரெண்டு வாரத்துக்கு வைப்போம். வலிப்பு மாத்திரை, தைராய்டு, இன்சுலின், ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை இதெல்லாம் மூணு வாரத்துக்கு. காசு முடங்கும், காலாவதி ஆனா நஷ்டம், ஆனா வேற வழியில்ல. இத எனக்குச் சொல்லிக் குடுத்தது என்னோட முதல் முதலாளி, அப்போ ரொம்ப அதிகமா வைக்கிறாரேன்னு தோணும்.

2023 டிசம்பர் 17, 18. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் கொட்டின மழை ஞாபகம் இருக்கும், தண்டவாளம் ரோடு எல்லாம் தண்ணிக்குள்ள. எங்க பக்கமும் மழைதான், ஆனா அந்த அளவுக்கு இல்ல. பிரச்சினை என்னன்னா, எங்களுக்கு மருந்து வர்றது மதுரை டிப்போல இருந்து, அதுக்கு வழி திருநெல்வேலி. வண்டி மதுரைலயே நின்னுபோச்சு. மூணாவது நாள் ஒரு குறிப்பிட்ட இன்சுலின் எங்கிட்ட 14 குப்பிதான் பாக்கி. ஃப்ரிட்ஜைத் திறந்து ரெண்டு தடவை எண்ணினேன். களியக்காவிளையத் தாண்டினா பாறசாலை, அங்க அதே கம்பெனி மருந்து கடை கடையா இருக்கு. ஆனா எங்க சப்ளை தமிழ்நாட்டு ஏரியா, அங்க இருக்கிற டீலர் எனக்கு பில் போடமாட்டார். கடைசில நாகர்கோவில்ல உள்ள மொத்தக்கடைக்காரங்க நாலு பேரும் போன்ல பேசி, யார்கிட்ட எது எத்தனை இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி, ஒருத்தருக்கு ஒரு வாரத்துக்கு மேல குடுக்கிறதில்லன்னு முடிவு பண்ணி ஓட்டினோம். வண்டி வந்து சேந்தப்போ எங்கிட்ட மூணு குப்பி இருந்துச்சு. இந்த நாலு பேரும் மத்த நாள்ல ஒருத்தருக்கொருத்தர் ரேட்டைக் குறைச்சு வாடிக்கைய இழுக்கிற போட்டிக்காரங்கதான். ஓரத்துல இருக்கிற ஊர்ல இது ஒரு பழக்கம், அவசரம்னா கணக்கு பாக்கமாட்டாங்க, அடுத்தவன் வந்து காப்பாத்துறதுக்கு ஒரு ராத்திரி ஆகும்னு எல்லாருக்கும் தெரியும்.

அம்மா கூட வர்றாங்கன்னு சொன்னதால ஆஸ்பத்திரி விஷயம் விளக்கமா சொல்றேன். பயப்பட வேண்டாம். ஆசாரிபள்ளத்துல அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு, நெய்யூர்ல மிஷன் ஆஸ்பத்திரி 1838ல தொடங்கினது, நாகர்கோவில்ல டவுனுக்குள்ளயே நல்ல தனியார் ஆஸ்பத்திரிங்க நிறைய. சர்க்கரை, பிரஷர், எலும்பு முறிவு, பிரசவம், ஹார்ட்டுக்கு ஆஞ்சியோ வரைக்கும் இங்கயே பாத்துக்கலாம். அதுக்கு மேல, மூளைல கட்டி, கேன்சர்ல சில வகை, குழந்தைங்களுக்கு ஹார்ட்ல ஓட்டை, இதுக்கெல்லாம் தலைமுறை தலைமுறையா நாங்க போறது திருவனந்தபுரம், அங்க ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி, ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரி. விடியக்காலம் கிளம்பினா ஓபி சீட்டு வாங்கிடலாம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம், ஒரு மலையாள வார்த்தை தெரியலன்னாலும் அங்க எல்லாருக்கும் எங்க தமிழ் புரியும்.

எங்களுக்கு அந்த வழி மூடினது 2020 கொரோனா சமயத்துல. எங்க சித்திக்கு அப்போ கேன்சருக்கு அங்கதான் வைத்தியம். மார்ச் கடைசில எல்லையை அடைச்சாங்க, களியக்காவிளைல தடுப்பு, சின்ன ரோடுகளும் மூடிட்டாங்க. பாஸ் போட்டா ஒரு நாள் கிடைக்கும், மறுநாள் கிடைக்காது. நான் மருந்து வியாபாரி, எங்கிட்ட இல்லாத மாத்திரை அது ஒண்ணுதான், அங்க மட்டும் குடுக்கிறது. பாறசாலைல எங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கார், அவர் அந்தப் பக்கத்துல இருந்து போய் வாங்கி தடுப்புக்கிட்ட வந்து நின்னார், நான் இந்தப் பக்கம் நின்னேன். நடுவுல ஒரு பத்தடி. ஒரு போலீஸ்காரர் அவர்கிட்ட இருந்து அந்தப் பையை வாங்கி, எங்கிட்ட கொண்டுவந்து குடுத்தார். பேசக்கூட நேரமில்ல, கையசைச்சிட்டு வந்தோம். அந்த ரோடு நான் வாழ்க்கைல ஆயிரம் தடவை போன ரோடு, ஒரு தடவைகூட அது எல்லைன்னு தோணினதில்ல, கடைப் போர்டுல எழுத்து மாறுறது மட்டும்தான். அன்னைக்குத்தான் நாங்க எவ்வளவு தனியா இருக்கோம்னு எனக்குப் புரிஞ்சுது. சித்தி அதுக்கப்புறம் ஒண்ணரை வருஷம் இருந்தாங்க.

ஒக்கி புயலைப் பத்தி சொல்லாம இருக்க முடியாது. 2017 நவம்பர் 30. காலைல இருந்து காத்து, எங்க தக்கலை வீட்டுக்குப் பின்னாடி ரப்பர் மரம் சீப்புல பல்லு உடைஞ்ச மாதிரி வரிசையா முறிஞ்சு விழுந்துச்சு, வாழை ஒண்ணுகூட நிக்கல, கரண்டு கம்பம் ரோட்டுக்குக் குறுக்க. எங்க தெருவுக்கு கரண்டு வர 9 நாள் ஆச்சு. அதெல்லாம் போகட்டும், மரம் மறுபடி நடலாம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இந்த ஊர்க்காரங்க ஆழ்கடல்ல மீன் பிடிக்கிறவங்க, போனா வாரக்கணக்குல திரும்பமாட்டாங்க. புயல்னு சொன்னப்போ அவங்க ஏற்கெனவே கடல்ல, போன் எட்டாத தூரத்துல. லட்சத்தீவுல கரை ஒதுங்கினவங்க இருக்காங்க, மகாராஷ்டிரா வரைக்கும் போய்ச் சேந்தவங்க இருக்காங்க, வராமலே போனவங்க நிறைய. கரைல இருந்தவங்களே படகை எடுத்துட்டுத் தேடப் போனாங்க. டிசம்பர் முதல் வாரத்துல அந்த ஊர்ச்சனம் எல்லாம் பொம்பளைங்க பிள்ளைங்களோட நடந்து வந்து குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்தாங்க, ராத்திரி வரைக்கும் எழும்பல. ஏன் தண்டவாளம்னு வெளியூர் நண்பர் ஒருத்தர் எங்கிட்ட கேட்டார். ரயில் நின்னாதான் சென்னைக்குத் தெரியும்னு சொன்னேன். அந்த நாள்ல எங்க கடைல இருந்து டெட்டால், பஞ்சு, தூக்க மாத்திரை சீட்டு இதெல்லாம் அந்தக் கரைக்குப் போனது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

துக்க வீட்டுல ஒரு விஷயம் கவனிப்பீங்க. எங்க மாவட்டம் படிச்ச மாவட்டம், 2011ல எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலயே முதல் இடம். ஆனா படிச்சவங்களுக்கு இங்க வேலை கம்மி, ரப்பர், முந்திரி, மீன், தோவாளைல பூ, கடை வியாபாரம், அவ்வளவுதான். பிள்ளைங்க சென்னை, பெங்களூர், வளைகுடான்னு போயிடும். போன வருஷம் எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் காலைல தவறிட்டார். மூத்தவன் துபாய்ல, இளையவன் சென்னைல. மூத்தவனுக்கு மதியம் ஃப்ளைட் கிடைச்சு, திருவனந்தபுரத்துல இறங்கி ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டு வாசல்ல வந்து நின்னுட்டான். சென்னைக்காரன் ரயில் டிக்கெட் கிடைக்காம பஸ்ஸுல வந்து மறுநாள் காலைல ஒம்பது மணிக்குத்தான் வந்தான். கடல் தாண்டி இருந்தவன் முதல்ல வந்துட்டான். இளையவன் வந்து, ஃப்ரீசர் பெட்டி கண்ணாடில கைய வச்சுக்கிட்டு, "அண்ணே நீ எப்ப வந்த"ன்னு கேட்டது எனக்கு மறக்காது. வயசானவங்க மட்டும் இருக்கிற பெரிய வீடு இந்த ஊர்ல தெருவுக்கு நாலு இருக்கும். உங்க அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது, இத நான் சமாதானத்துக்குச் சொல்லல, நிஜமாவே மதியம் மூணு மணிக்கு மேல திண்ணைல உக்காந்தா யாராவது வந்துடுவாங்க.

சரி, நல்லதையும் சொல்லணும், ஏன்னா அதுக்காகத்தான் நான் இங்கயே இருக்கேன். மழை. திருச்சிக்காரங்களுக்கு ஜூன்ல மழைன்னா நம்பமாட்டீங்க. எங்களுக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நியூஸ்ல தமிழகம் முழுக்க வெயில் கொளுத்துதுன்னு சொல்லிட்டு இருக்கும்போ, இங்க ஸ்கூல் திறக்கிற அன்னைக்கே பிள்ளைங்க குடை பிடிச்சுட்டுப் போவும். குளம் எல்லாம் தண்ணியோட இருக்கும், துவைச்ச துணி மட்டும் காயாது, அதுக்குக் கொஞ்சம் பழகிக்கணும்.

சாப்பாடு. சம்பா அரிசிச் சோறு, தேங்கா அரைச்ச மீன்கொழம்பு, மரச்சீனிக் கிழங்கு, அவியல், எரிசேரி. குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம்னு எந்தப் பக்கம் போனாலும் கடல், காலைல பிடிச்ச சாளை பத்து மணிக்கு உங்க வீட்டு வாசலுக்கு வரும். வாழைப்பழத்துல மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதலின்னு கடைல குலை குலையா தொங்கும், கடைக்காரர்கிட்ட சும்மா "பழம்"னு கேட்டா எதுன்னு திருப்பிக் கேப்பார். மட்டிப்பழம் விரல் நீளம்தான் இருக்கும், மணம் ரெண்டு வீட்டுக்கு அடிக்கும், 2023ல புவிசார் குறியீடு குடுத்திருக்காங்க. எங்க பிள்ளைங்க எல்லாரும் பால் மறந்ததும் முதல்ல தின்னது அதுதான். வெளியூர் அனுப்பினா ரெண்டு நாள்ல கறுத்துடும், அதனால இங்க வந்தாதான் சாப்பிட முடியும்.

தூரமா இருந்ததால எங்களுக்குன்னு சில விஷயம் நாங்களே உண்டாக்கிக்கிட்டதும் உண்டு. இந்தியாவோட முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984ல நாகர்கோவில்லதான் ஆரம்பிச்சாங்க. எங்க கடைல இன்னைக்கும் அதுதான் ஓடுது, மீனவருக்குக் கடல் காத்து, விவசாயிக்கு பேச்சிப்பாறை அணைல எத்தனை அடி தண்ணின்னு சொல்லும். திருவனந்தபுரம் பக்கத்துல இருந்ததுல ஒரு நன்மையும் நடந்துச்சு, தும்பாவுல ராக்கெட் விட ஆரம்பிச்சதும் எங்க பிள்ளைங்க நிறைய பேர் அங்க வேலைக்குப் போனாங்க. இஸ்ரோ தலைவரா இருந்த சிவன் நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளை, தமிழ் மீடியத்துல படிச்சவர், 2025ல தலைவரான நாராயணன் மேலக்காட்டுவிளை. ரெண்டு பேரும் இந்த ஓரத்துல இருந்து போனவங்க. உங்க பிள்ளைங்க படிப்புக்கு நீங்க கவலைப்பட வேண்டியதே இல்ல.

பேச்சு முதல்ல கொஞ்சம் தடுக்கும். உங்க பிள்ளைங்கள எல்லாரும் "மக்ளே"ன்னு கூப்பிடுவாங்க, பொண்ணுக்கும் அதுதான், பையனுக்கும் அதுதான். "ஓர்மை இருக்கா"ன்னா ஞாபகம் இருக்கா, "நல்லமொளவு"ன்னா குறுமிளகு, மார்த்தாண்டம் பக்கம் போனா டீக்குப் பதிலா சாயா. பஸ் கண்டக்டர் "நாரோயில் நாரோயில்"னு கூவினா உங்க ஊர்தான், ஏறிடுங்க. "நீங்க எந்த ஊரு"ன்னு எல்லாரும் கேப்பாங்க, அது விசாரணை இல்ல, வெளியூர்க்காரங்க வந்தா எங்களுக்கு சந்தோஷம். மாற்றலாகி வந்து போறப்போ அழுதுட்டுப் போன ஆபீசர் குடும்பம் எனக்கே ரெண்டு தெரியும்.

ஆனா ஒண்ண மறைக்கமாட்டேன். முதல் ஆறு மாசம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். திருச்சில இருந்தா மதுரையோ தஞ்சாவூரோ சென்னையோ எந்தப் பக்கமும் கிளம்பலாம், நடுவுல இருக்கிற ஊரு. இங்க கிளம்புறதுக்கு முக்கியமா ரெண்டே திசை, ஒண்ணு ஆரல்வாய்மொழி, ஒண்ணு களியக்காவிளை, மத்த பக்கம் மலையும் கடலும்தான். சொந்தக்காரங்க வீட்டு விசேஷம் நாலு தப்பும். கூரியர் ஒரு நாள் லேட்டா வரும். அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்தா உடனே கூட்டிட்டுப் போக முடியாது. பழகிடும்னு சொல்ல மாட்டேன், அதுக்குத் தக்க திட்டம் போட ஆரம்பிச்சிடுவீங்க, எங்கள மாதிரி.

வீடு பாக்குறதா இருந்தா வெட்டூர்ணிமடம், ராமவர்மபுரம், பார்வதிபுரம் இந்தப் பக்கம் பாருங்க, வடசேரி பஸ் ஸ்டாண்டும் பக்கம், ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கும் ரொம்ப தூரம் இல்ல. வாடகைக்கு முன்னாடி கிணறு இருக்கான்னு கேளுங்க. மாடி வீடா இருந்தா தென்மேற்குச் சாரல் எந்த ஜன்னல்ல அடிக்கும்னும் கேட்டுக்கோங்க.

முதல் தடவை வரும்போ ராத்திரி ரயில்ல வராதீங்க. காலைல திருச்சில கிளம்புற திருவனந்தபுரம் இன்டர்சிட்டில வாங்க, வலது பக்க ஜன்னலோரம் பிள்ளைங்கள உக்கார வைங்க. வள்ளியூர் வரைக்கும் செம்மண்ணு, பனை, உடைமரம். அப்புறம் கரண்டு எடுக்கிற காத்தாடி ஆரம்பிக்கும், ஆயிரக்கணக்குல, மலை ரெண்டு பக்கமும் நெருங்கி வரும், அங்க ஒரு காத்து உள்ள வரும் பாருங்க, கைல இருக்கிற பேப்பர் பறக்கும், அதுதான் ஆரல்வாய்மொழி. அதத் தாண்டின பத்து நிமிஷத்துல தென்னை, வயல், தாமரைக் குளம், வேற நாட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். நான் எத்தனையோ தடவை வந்தாச்சு, இன்னும் அந்த இடத்துல நான் போனைக் கீழ வச்சிடுவேன்.

அம்மாவோட மருந்துச் சீட்டை மறக்காம பைல வைங்க. வந்த வாரத்துலயே பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒரு மாசத்துக்குச் சேத்து வாங்கி, தேதி பாத்து ஒரு டப்பால போட்டு வச்சிடுங்க, பத்து நாளைக்கு உள்ளது மிச்சம் இருக்கும்போதே அடுத்தது வாங்கிடுங்க.